ஒரு கடை, மூன்று பேர், மூன்று நட்டக் கணக்கு

கேள்வி: நானும் அண்ணனும் அண்ணியும் பார்ட்னர்ஷிப்பாக 2024 ஜூனில் ஹரோவில் ஒரு சோட்டீஸ் கடை திறந்தோம். லாபமோ நட்டமோ மூவருக்கும் சமபங்கு. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. 2025 ஏப்ரல் 5 வரையான முதல் கணக்கில் 45,000 பவுண் நட்டம். அதில் 24,000 பவுண் கூல் ரூம், ஃப்ரையர், புகைபோக்கி, கண்ணாடி அலுமாரி வாங்கிய செலவு.

2023-24இல் என் சம்பளம் 58,000. 2024 மே மாதக் கடைசியில் வேலையை விட்டேன்; ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கும் சேர்த்து சுமார் 8,000 கிடைத்தது. அண்ணன் இன்னும் வேலையில்தான் இருக்கிறார், சம்பளம் 66,000. சனி, ஞாயிறுகளில் மட்டும் கடைக்கு வருவார். சீட்டெடுத்த காசில் 20,000 பவுண் கடைக்குப் போட்டார். அண்ணி வாரத்தில் ஆறு நாளும் கடைச் சமையலறையில் நிற்கிறார். அவருக்கு வேறு வருமானம் இல்லை, முன்பும் வேலைக்குப் போனதில்லை. கடையிலிருந்து மாதம் 750 பவுண் சம்பளமாக எடுக்கிறார். அவர்களுக்கு ஒன்பது, ஆறு வயதில் இரண்டு பிள்ளைகள். சைல்ட் பெனிஃபிட் வருகிறது.

எங்கள் அக்கவுண்டன் மூவருக்கும் ஒரேமாதிரி "நட்டத்தை வரும் ஆண்டுகளுக்குக் கொண்டுபோகிறோம்" என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறார். போடலாமா? நட்டமான ஆண்டில் நாஷனல் இன்சூரன்ஸ் கட்டாவிட்டால் பென்ஷன் குறையுமா?
— வாசகி, ஹரோ

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். அண்ணியைப் பொறுத்தவரை அக்கவுண்டன் எழுதியது சரி. உங்களுக்கும் அண்ணனுக்கும் அது சரியில்லை. இருவரும் சேர்ந்து பத்தாயிரம் பவுணுக்கு மேல் வரியைத் திரும்ப வாங்கக்கூடிய இடத்தில் இருக்கிறீர்கள்.

அக்கவுண்டனைக் குறை சொல்லவில்லை. நட்டத்தை முன்னே கொண்டுபோனால் எச்.எம்.ஆர்.சி. ஒரு கேள்வியும் கேட்காது, கூடுதல் கணக்கும் தேவையில்லை. கடைக்காரர்கள் பலரும் குறைந்த கட்டணத்துக்கு ஆள் தேடுவதால் கிடைப்பதும் அந்தக் கட்டணத்துக்குரிய வேலைதான். ஆனால் பார்ட்னர்ஷிப்பில் நட்டத்தைக் கணக்கிடுவது மட்டும்தான் கடையின் வேலை. எஸ்ஏ800 படிவத்தில் 45,000 நட்டம் என்று காட்டி, ஆளுக்கு 15,000 என்று பிரித்ததோடு கடையின் பங்கு முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்த 15,000 அவரவர் சொத்து. ஒவ்வொருவரும் தம் ரிட்டர்னில் எஸ்ஏ104 பக்கத்தை வைத்து, அதை எந்த வருமானத்தோடு கழிப்பது என்று தாமே தீர்மானிக்கலாம். மற்ற இருவரும் அதே வழியில் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

முதலில் உங்கள் கணக்கு. 2024-25இல் உங்கள் சம்பளம் 8,000 மட்டுமே. வரியில்லாத தொகையான 12,570க்குள் அது அடங்கிவிடுவதால், நட்டத்தை அந்த ஆண்டிலேயே கழித்தால் ஒரு பென்னிகூட மிச்சமாகாது. (அந்த இரண்டு மாதமும் சம்பளத்தில் பிடித்த வரி உங்கள் பி45இல் இருக்கும். வேறு வருமானம் இல்லையென்றால், நட்டத்தைத் தொடாமலே அது முழுவதும் திரும்பி வரும். ரிட்டர்னில் அந்தத் தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.)

2007ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி, நட்டத்தை அது வந்த ஆண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ, சம்பளம் உட்பட எந்த வருமானத்தோடும் கழிக்கலாம். நடப்பு ஆண்டை விட்டுவிட்டு முந்தைய ஆண்டை மட்டும் கேட்கவும் முடியும். உங்களுக்கு வேண்டியது அதுதான். 2023-24இல் 58,000இலிருந்து 15,000 கழிந்தால் மிச்சம் 43,000. கழிந்த தொகையில் 50,270க்கு மேலிருந்த 7,730 பவுணுக்கு நீங்கள் 40 வீதம் கட்டியிருக்கிறீர்கள், மீதி 7,270க்கு 20 வீதம். 3,092உம் 1,454உம் சேர்ந்து 4,546 பவுண் திரும்பி வரும்.

புதிய தொழிலுக்கு இன்னொரு வழியும் உண்டு. தொழில் தொடங்கிய முதல் நான்கு வரி ஆண்டுகளில் வரும் நட்டத்தை 72ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு பின்னே கொண்டுபோகலாம். இதில் ஆண்டைத் தெரிவு செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை. மிகப் பழைய ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2024-25 நட்டமென்றால் முதலில் 2021-22. அந்த ஆண்டுச் சம்பளம் 50,270க்குள் இருந்தால் 20 வீதம்தான், 3,000 பவுணோடு நின்றுவிடும். மாறாக அந்த ஆண்டில் போனஸோ மேலதிக வேலையோ சேர்ந்து 65,270ஐத் தாண்டியிருந்தால் முழுத் தொகைக்கும் 40 வீதம், 6,000 வரும். பழைய பி60ஐத் தேடி எடுத்துப் பாருங்கள். அந்த ஒரு தாளை வைத்துத்தான் உங்கள் வழி 64ஆ 72ஆ என்று சொல்ல முடியும்.

அக்கவுண்டன் சொன்ன வழியில் போனால் என்ன கிடைக்கும்? கடை லாபத்துக்கு வரும் வரை ஒன்றும் இல்லை. வந்தபின் வருமான வரி 20 வீதமும் கிளாஸ் 4 நாஷனல் இன்சூரன்ஸ் 6 வீதமும் மிச்சமாகும். லாபம் 20 வீத எல்லைக்குள் இருக்கும்வரை 15,000க்கு அதிகபட்சம் 3,900. இந்த 6 வீதத்தைக் காட்டித்தான் "பின்னே கொண்டுபோனால் இன்சூரன்ஸ் சலுகை போய்விடும்" என்று பலர் சொல்கிறார்கள். போகாது. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கடைக்காரர்கள் அதிகம் இழப்பது இங்கேதான்.

வருமான வரிக்கும் கிளாஸ் 4க்கும் நட்டக் கணக்கு தனித்தனி. நீங்கள் 15,000ஐச் சம்பளத்தோடு கழித்துவிட்டால் வருமான வரிக் கணக்கில் அந்த நட்டம் தீர்ந்துவிடும். ஆனால் சம்பளத்துக்குக் கிளாஸ் 4 கிடையாதே! அதனால் கிளாஸ் 4 கணக்கில் அது தொடப்படவே இல்லை என்று சட்டம் கருதுகிறது. அந்த 15,000 அப்படியே முன்னே போகும். பிறகு ஒரு ஆண்டில் கடை லாபத்தில் உங்கள் பங்கு 30,000 என்று வைத்துக்கொள்வோம். வருமான வரி முழு 30,000ஐயும் பார்க்கும். கிளாஸ் 4 மட்டும் 15,000 லாபம் என்றே எண்ணும். இன்றைய வீதத்தில் 1,045.80 கட்ட வேண்டிய இடத்தில் 145.80 கட்டினால் போதும். ஆக இப்போது 4,546, பின்னொரு நாள் 900. இது தானாக நடக்காது என்பதுதான் சிக்கல். எஸ்ஏ104இல் கிளாஸ் 4 லாபத்தைத் திருத்துவதற்கென்று ஒரு பெட்டி உண்டு. லாபம் வரும் ஆண்டில் அதை நிரப்ப வேண்டும். இடையில் அக்கவுண்டன் மாறினால் புதியவருக்கு இது தெரியவே வராது. இந்த ஆண்டு ரிட்டர்ன் பிரதியின் மேலேயே "கிளாஸ் 4: 15,000 பாக்கி" என்று பேனாவால் எழுதி வையுங்கள். அண்ணனின் பிரதியிலும் எழுதுங்கள்.

இனி அண்ணன். மூவரில் அதிகம் வாங்கக்கூடியவர் இவர். 2024-25 சம்பளமான 66,000இலிருந்து 15,000 கழிந்தால் 51,000. கழிந்த தொகை முழுவதும் 40 வீதத்துக்கு உட்பட்டது. 6,000 பவுண் திரும்பும். இதோடு முடியவில்லை. வீட்டில் ஒருவருடைய வருமானம் 60,000ஐத் தாண்டினால், மேலே உள்ள ஒவ்வொரு 200 பவுணுக்கும் சைல்ட் பெனிஃபிட்டில் ஒரு வீதத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். 66,000 என்றால் 30 வீதம். இரண்டு பிள்ளைகளுக்கு அந்த ஆண்டில் வந்தது 2,212 பவுண் சொச்சம், ஆகவே அவர் கட்ட வேண்டியது 663. நட்டத்தைக் கழித்த பிறகான வருமானத்தைத்தான் இந்தக் கணக்குக்கு எடுப்பார்கள். 51,000க்கு அந்தக் கட்டணமே இல்லை.

ஆனால் அண்ணனிடம் எச்.எம்.ஆர்.சி. கேட்கக்கூடிய கேள்விகள் உங்களிடம் கேட்பதைவிட அதிகம். சராசரியாக வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தொழிலில் ஈடுபடும் பங்காளரைச் சட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது. காசை மட்டும் போட்டுவிட்டு, நட்டத்தைக் காட்டிச் சம்பள வரியைக் குறைத்துக்கொண்டவர்களால் வந்த விதி இது. அப்படிப்பட்டவர் ஆண்டுக்கு 25,000க்கு மேல் இந்த வழியில் கழிக்க முடியாது. அத்தோடு, தொழிலின் முதல் நான்கு வரி ஆண்டுகளில் மொத்தமாகக் கழிப்பது அவர் போட்ட முதலைத் தாண்டக் கூடாது.

சனிக்கிழமை ஐந்து மணி நேரம், ஞாயிறு நாலு மணி நேரம் கல்லாவில் நின்றால் ஒன்பதுதான் வரும். வார நடுவில் வேலை முடிந்து கேஷ் அன்ட் கெரிக்குப் போய்ச் சாமான் ஏற்றி வருவாரென்றால் அதையும் சேர்க்கலாம், அதுவும் தொழிலுக்கான வேலைதான். பிள்ளைகளோடு வந்து ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போன நேரத்தைச் சேர்க்க முடியாது. நேரத்தை இப்போது உட்கார்ந்து கற்பனையாக எழுதாதீர்கள். ஷிஃப்ட் போட்ட வாட்ஸ்அப் செய்திகள், சாமான் வாங்கிய பில்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். பத்து மணி நேரம் வராவிட்டாலும் இந்த ஆண்டு அவருக்குப் பாதிப்பில்லை, ஏனென்றால் 15,000 இரண்டு எல்லைக்குள்ளும் அடங்குகிறது. அடுத்த ஆண்டும் நட்டமென்றால்தான் கை கடிக்கும். போட்ட 20,000இல் 15,000ஐப் பயன்படுத்திவிட்டதால், புதிதாக முதல் போட்டாலன்றி மீதி 5,000தான்.

அந்த 20,000 எப்படிக் கடைக்கு வந்தது என்பதையும் கவனியுங்கள். சீட்டுக் காசு என்கிறீர்கள். அது வங்கி வழியாகக் கடைக் கணக்குக்கு வந்திருந்தால் நல்லது. கடை வேலை செய்தவரின் கையில் அண்ணன் நேரடியாகக் காசாகக் கொடுத்திருந்தால், கடைக் கணக்கில் அவர் பெயரில் முதலாக அது ஏறியிருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏப்ரல் 5க்கு முன் அதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்திருந்தால் முதலும் அந்த அளவுக்குக் குறையும். 8,000 எடுத்திருந்தால் மிஞ்சும் முதல் 12,000. பத்து மணி நேரக் கணக்கில் அவர் தேறாவிட்டால், 12,000தான் சம்பளத்தோடு கழியும். மீதி 3,000 பிற்கால லாபத்துக்காகக் காத்திருக்கும்.

எல்லோருக்கும் பொதுவான உச்ச எல்லையும் ஒன்று உண்டு: 50,000 பவுண் அல்லது வருமானத்தில் கால்வாசி, எது பெரிதோ அது. உங்கள் தொகைகள் அதன் பக்கத்திலேயே வரவில்லை.

அண்ணியின் கணக்கு சின்னது, ஆனால் மனத்துக்குக் கொஞ்சம் கசப்பானது. வேறு வருமானமும் இல்லை, முந்தைய சம்பளமும் இல்லை. 64ஆம் பிரிவும் 72ஆம் பிரிவும் அவருக்கு உதவாது. நட்டத்தை முன்னே கொண்டுபோவது ஒன்றே வழி. அதிலும் அவர் விருப்பத்துக்கு இடமில்லை. அடுத்து எந்த ஆண்டில் லாபம் வந்தாலும் முதலில் அதோடு கழிய வேண்டும். 2025-26இல் அவர் பங்கு லாபம் 10,000 என்றால் அது எப்படியும் வரியில்லாத தொகைக்குள்தான். ஆனாலும் நட்டம் அந்தப் பத்தாயிரத்தை விழுங்கிவிட்டு, 5,000 மட்டும் மிஞ்சும்.

"அப்படியானால் அண்ணியின் பங்கைக் குறைத்துவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். இங்கேதான் அந்த 750 பவுண் சம்பளம் வருகிறது. பங்காளருக்குக் கொடுக்கும் சம்பளம் கடைச் செலவல்ல. பத்து மாதத்தில் எடுத்த 7,500ஐ அக்கவுண்டன் செலவாகக் கழித்திருந்தால் 45,000 என்ற தொகையே தப்பு. முதலில் அதைக் கேளுங்கள். சம்பளம் என்பது லாப நட்டத்தைப் பிரிக்கும் முறைகளில் ஒன்று மட்டுமே. அண்ணிக்கு முதலில் 7,500, மீதி மூவருக்கும் சமம் என்று தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்திருந்தீர்களானால், பிரிவினை வேறு விதமாக வரும். 52,500ஐ மூன்றாகப் பிரித்து ஆளுக்கு 17,500 நட்டம். அண்ணிக்கு அதில் 7,500 குறைந்து 10,000. மொத்தம் அதே 45,000தான், ஆனால் நட்டத்தைப் பயன்படுத்தக்கூடிய உங்கள் இருவர் பக்கமும் சேர்த்து 5,000 நகர்ந்திருக்கும். அப்படி எந்த முடிவும் இல்லையென்றால் 1890ஆம் ஆண்டுப் பார்ட்னர்ஷிப் சட்டம் பேசும்: சமபங்கு, வேலை செய்ததற்காகப் பங்காளருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. அப்போது அண்ணி எடுத்தது வெறும் கைச்செலவுக் காசு.

இதைப் படித்துவிட்டு இன்று ஒரு ஒப்பந்தம் எழுதி 2024 ஜூன் என்று தேதி போடாதீர்கள். அது வரி ஏய்ப்பு. பிடிபட்டால் திருப்பி வாங்கியதைவிட அதிகம் போகும். இனிவரும் காலத்துக்கு எழுதுங்கள், இன்றைய தேதியில்.

கடை அளவில் உங்கள் கையில் இருக்கும் தெரிவு ஒன்று மிச்சம். 2024-25 முதல் பார்ட்னர்ஷிப்புகளுக்கு ரொக்கக் கணக்கு முறையே இயல்பானது. அதில் கூல் ரூமுக்குக் கொடுத்த காசு கொடுத்த ஆண்டிலேயே செலவாகிவிடும். அதிலிருந்து விலகி வழமையான கணக்கு முறைக்குப் போனால், உபகரணச் செலவில் இந்த ஆண்டு எவ்வளவைக் கழிப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம். விட்டதைப் பிறகு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். அண்ணிக்கு இது நல்லது. ஆனால் இந்த முடிவு மூவரையும் ஒன்றாகக் கட்டும். 24,000ஐயும் தள்ளிவைத்தால் ஆளுக்கு நட்டம் 7,000 அளவுக்கு இறங்கி, அண்ணனுக்கு 3,200உம் உங்களுக்கு 1,746உம் கைநழுவும். இந்த வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அண்ணி அடுப்படியில் நின்று உழைத்த கடையின் நட்டத்தால் அண்ணனின் வங்கிக் கணக்குக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வருகிறது. அதை எப்படிப் பங்கிடுவது என்பது உங்கள் வீட்டு விஷயம், எச்.எம்.ஆர்.சி. அதில் தலையிடாது.

பென்ஷன் கேள்விக்கு வருகிறேன். முழு அரச பென்ஷனுக்கு 35 ஆண்டுப் பதிவு வேண்டும். 2024-25இல் சுயதொழில் லாபம் 6,725ஐ எட்டியவர்களுக்குக் காசு கட்டாமலே அந்த ஆண்டு பதிவாகும். நட்டமானவர்களுக்குத் தொழில் வழியாக அது இல்லை. வேண்டுமென்றால் கிளாஸ் 2ஐத் தாமாகக் கட்டலாம், வாரம் 3.45 வீதம் ஆண்டுக்கு 179.40. தொழில் இல்லாதவர் கிளாஸ் 3 வழியாக இதே ஒரு ஆண்டை வாங்க 907.40 கொடுக்க வேண்டும். சுயதொழில் செய்பவருக்கு இந்த நாட்டில் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது வேறொன்றில்லை.

ஆனாலும் உங்களில் யாரும் 2024-25க்குக் கட்டத் தேவையிருக்காது என்றே நினைக்கிறேன். அண்ணனுக்கு வேலை இருக்கிறது. உங்களுக்கு அந்த இரண்டு மாதச் சம்பளமே போதியதாக இருக்க வேண்டும். அந்த ஆண்டுக்குத் தேவையான எல்லை 6,396. அண்ணிக்குப் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் சைல்ட் பெனிஃபிட் மூலம் பதிவு தானாக ஏறும், ஆனால் விண்ணப்பம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே ஏறும். எங்கள் வீடுகளில் படிவங்கள் அநேகமாக ஆண்களின் பெயரில்தான் போயிருக்கும். அப்படியிருந்தால் வேலையிலுள்ள அண்ணனுக்கு அது தேவையில்லாமல் போய்ச் சேர்கிறது. அண்ணி பெயருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம். மூவரும் அரச இணையத்தளத்தில் தம் நாஷனல் இன்சூரன்ஸ் பதிவை ஒரு தடவை திறந்து பாருங்கள். 2025-26இலும் நட்டமென்றால் நீங்கள்தான் வெறும் கையோடு நிற்பீர்கள். அந்த ஆண்டுக் கிளாஸ் 2, வாரம் 3.50 வீதம் 182 பவுண். ரிட்டர்னிலேயே கட்ட விரும்புவதாகக் குறித்தால் போதும்.

தேதிகளைப் பற்றிப் பதற வேண்டாம். 2026 ஜனவரி 31 ரிட்டர்ன் அனுப்பும் கடைசி நாள். கடையின் எஸ்ஏ800 ஒரு நாள் பிந்தினாலும் பங்காளர் ஒவ்வொருவருக்கும் 100 பவுண் தண்டம், உங்களுக்கு மொத்தம் 300. அந்தப் படிவத்தை எச்.எம்.ஆர்.சி.யின் இலவசத் தளத்தில் அனுப்ப முடியாது. மென்பொருள் வேண்டும், ஆகவே அக்கவுண்டனை விட்டுவிடாதீர்கள். 64, 72 இரண்டுக்கும் 2024-25 நட்டத்தைக் கேட்க 2027 ஜனவரி 31 வரை நேரம் உண்டு. ரிட்டர்னைத் திருத்தவும் அதே நாள் வரை முடியும். பி60 கிடைக்கத் தாமதமானால் எஸ்ஏ800ஐயும் அண்ணன், அண்ணி இருவரின் ரிட்டர்ன்களையும் முதலில் அனுப்பச் சொல்லுங்கள். உங்களுடையதை மட்டும் ஜனவரி கடைசி வாரம் வரை வைத்திருந்து, அப்போதும் பி60 வராவிட்டால் 2023-24க்கான 64ஆம் பிரிவுக் கோரிக்கையோடு அனுப்பிவிடலாம்.